இத்தாலிய மொழியில் பன்மையும் மரியாதையும்

1938-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அரசாங்கம் ஒரு சொல்லின்மேல் போர் தொடுத்தது. அது வசைச்சொல் அன்று. கிளர்ச்சிக்காரர் எவரும் புனைந்த முழக்கமும் அன்று. கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் ஒருவரை மற்றொருவர் மரியாதையுடன் விளிப்பதற்கு நாள்தோறும் வழங்கிவந்த ‘லேயி’ என்னும் சிறு சொல். நாம் ‘தாங்கள்’ என்று சொல்லுமிடத்தில் இத்தாலியர் சொல்லும் சொல் அதுவே. அதனை இனி எவரும் சொல்லலாகாது, ‘வோயி’ என்றே விளித்தல் வேண்டும் என்று முஸோலினியின் பாசிசக் கட்சி ஆணை பிறப்பித்தது.

ஒரு முன்னிலைச் சொல்லின்மேல் ஓர் அரசுக்கு இத்துணைப் பகை எவ்வாறு உண்டாயிற்று? இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இத்தாலியர் ஒன்றைப் பலவாக்கும் முறையையும், ஒருவரைப் பலராக்கும் முறையையும் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்தல் வேண்டும். முன்னது இலக்கணம், பின்னது மரியாதை. இரண்டும் நெடுங்காலமாகப் பின்னிக் கிடக்கின்றன.

இத்தாலிய மொழி இலத்தீனின் வழிவந்தது. ஸ்பானிய மொழியும் பிரெஞ்சு மொழியும் அதன் உடன்பிறப்புகள். நண்பனைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘அமீகோ’. நண்பர் பலராயின் ‘அமீகோஸ்’. ஈற்றில் ஒரு மெய்யெழுத்து வந்து சேர்ந்தால் அங்கே பன்மை பிறந்துவிடுகிறது. நம் மொழியிலும் மரம் என்பதோடு ‘கள்’ விகுதி சேர்ந்து மரங்கள் ஆவதை மாணவர் அறிவர். இத்தாலியரோ எதனையும் சேர்ப்பதில்லை. சொல்லின் கடைசி உயிரை மாற்றிவிடுகின்றனர். ‘லீப்ரோ’ என்றால் ஒரு புத்தகம். ‘லீப்ரி’ என்றால் பல புத்தகங்கள். ‘ரோசா’ ஒரு ரோஜா, ‘ரோசே’ பல. ‘கானே’ ஒரு நாய்; ‘கானி’ பல. ஓகாரமும் ஏகாரமும் இகரமாகும், ஆகாரம் ஏகாரமாகும். தொடக்கப் பாடம் இவ்வளவே. இலத்தீன் சொற்களின் ஈற்றில் நின்ற ‘ஸ்’ என்னும் ஒலி இத்தாலிய மக்களின் நாவில் தேய்ந்து மறைந்துபோயிற்று. ஆதலின் பன்மையைச் சுமக்கும் வேலை முழுவதும் உயிரெழுத்துகளின் தலையில் விழுந்தது. இன்று உலகெங்கும் உண்ணப்படும் ‘ஸ்பகெத்தி’ என்னும் உணவின் பெயரும் பன்மையே. அதன் ஒற்றை இழைக்கு ‘ஸ்பகெத்தோ’ என்று பெயர்; ஓர் இழையை மட்டும் எவரும் சமைப்பதில்லை யாதலால் ஒருமைக்கு அங்கே வேலையில்லை.

தொடக்கப் பாடத்தைத் தாண்டினால்தான் சுவை தொடங்குகிறது. மருத்துவனுக்கு இத்தாலியச் சொல் ‘மேதிக்கோ’. மருத்துவர் பலர் ‘மேதிச்சி’. இகரம் வந்தவுடன் ககரம் சகரமாக மாறிவிட்டது. ஆனால் சமையற்காரனாகிய ‘குவோக்கோ’ பலரானால் ‘குவோக்கி’. அங்கே ககரம் மாறவில்லை. எந்தச் சொல் மாறும், எது மாறாது என்பதற்கு அசையழுத்தத்தை வைத்து இலக்கண ஆசிரியர் ஒரு விதி சொல்லுவர். ஆனால் நண்பனாகிய ‘அமீக்கோ’வே அதனை மீறி ‘அமீச்சி’ ஆகின்றது. இவ்வாறான இடங்களில் விதியைவிடக் காதே நல்ல ஆசிரியர்.

மேதிச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் வரலாறு பயிலும் மாணவர்க்கு ஒரு குடும்பம் நினைவுக்கு வந்திருக்கும். பிளாரென்ஸ் நகரத்தை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் பெயர் இதுவே. ஜொவான்னி என்பவர் 1397-ஆம் ஆண்டில் பிளாரென்ஸில் ஒரு வங்கியை நிறுவினார். அவர் வழிவந்தோர் போப்பாண்டவர்களாகவும் பிரபுக்களாகவும் உயர்ந்தனர். வட்டித்தொழிலால் பெருகிய அக்குடும்பத்தின் பெயர்க்கு ‘மருத்துவர்கள்’ என்பதே பொருள். இத்தாலியக் குடும்பப் பெயர்களுள் மிகப் பல இவ்வாறே இகரத்தில் முடிவன. ஒருவன் பெயரோ தொழிலோ நிறமோ பன்மை வடிவம் பெற்று, ‘இன்னாருடைய வீட்டார்’ என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. வானநூல் மேதை கலிலெயோவின் குடும்பத்திற்கு முன்னர் பொனயூத்தி என்று பெயர். அக்குடும்பத்தில் 15-ஆம் நூற்றாண்டில் கலிலெயோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார்; அவரைச் சிறப்பிக்கும் பொருட்டு அவர்தம் பெயரையே பன்மையாக்கிக் குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டனர். ஆகவே ‘கலிலெயோ கலிலெயி’ என்னும் பெயரில் ஒரே சொல் ஒருமையிலும் பன்மையிலும் அடுத்தடுத்து நிற்கின்றது. இந்தப் பெயரை மாணவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பின்னர் இதற்கு ஒரு வேலை இருக்கிறது. மதுரைக்கு 1606-இல் வந்து சேர்ந்து தத்துவ போதகர் எனப் பெயர்பெற்ற ராபர்ட் தெ நொபிலியின் குடும்பப் பெயரும் இவ்வகையதே. ‘நோபிலே’ என்றால் உயர்குடியாளன். ‘நோபிலி’ அதன் பன்மை.

இன்னொரு புதுமையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இலத்தீனில் ஆண்பால், பெண்பால் என்னும் இரண்டோடு, இரண்டும் அல்லாத மூன்றாவது பால் ஒன்று இருந்தது. அப்பாற் சொற்களின் பன்மை ஆகாரத்தில் முடியும். இத்தாலியத்தில் அந்த மூன்றாம் பால் மறைந்தது. ஆயினும் அதன் பன்மை முழுவதும் மறையவில்லை. ஆகாரத்தில் முடிவதைக் கண்ட மக்கள் அதனைப் பெண்பாலாகக் கொண்டுவிட்டனர். அதனால் ‘பிராச்சோ’ என்னும் கை ஒன்றாயிருக்கையில் ஆண்பால்; இரண்டு கைகளும் சேர்ந்து ‘பிராச்சா’ ஆகும்போது பெண்பால்! விரல், உதடு, முழங்கால், முட்டை ஆகியவற்றின் பெயர்களும் இவ்வாறே ஒருமையில் ஆணாகவும் பன்மையில் பெண்ணாகவும் திரிகின்றன. சிலவற்றிற்கு இருவகைப் பன்மையும் உண்டு. ஒரு நகரத்தைச் சுற்றி வளைத்த கோட்டைச் சுவர்கள் ‘மூரா’. வீட்டின் சுவர்கள் ‘மூரி’. ஒன்றாகத் திரண்டு நிற்கும் பன்மை வேறு, தனித்தனியாக எண்ணப்படும் பன்மை வேறு என்னும் நுட்பத்தை, என்றோ இறந்துபட்ட ஒரு பால் இன்றும் காத்துவருகிறது.

இனி, ஒருவரைப் பலராக்கும் கதைக்கு வருவோம்.

பழைய ரோமாபுரியில் மரியாதைப் பன்மை இல்லை. அடிமையும் தன் தலைவனை ‘தூ’ என்றே அழைத்தான். அதாவது ‘நீ’ என்றான். ஜூலியஸ் சீஸரையும் அவ்வாறே விளித்தனர். பேரரசின் பிற்பகுதியில்தான், பேரரசர் தம்மை ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ள, எதிரே நிற்போர் அவரை ‘நீங்கள்’ என்று பன்மையில் விளிக்கும் வழக்கம் தலையெடுத்தது. பேரரசின் ஆட்சி ஒருவருக்கு மேற்பட்டோரிடையே பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தமையே இதற்குத் தோற்றுவாய் என்று கூறுவாரும் உண்டு. அந்தப் பன்மையே இத்தாலிய மொழியில் ‘வோயி’ ஆயிற்று. ஒருவரைப் பன்மையால் கூறுவது உலக வழக்கில் உயர்த்துச் சொல்லும் முறையாகும், இலக்கண நெறிப்பட்டது அன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கூறியிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். இத்தாலியருக்கும் அவ்வாறே இது வழக்கினால் வந்த உயர்வு.

மகாகவி தாந்தே இந்த ‘வோயி’யைக் கையாண்ட திறம் தனியே ஆராயத்தக்கது. அவருடைய தெய்வீக நாடகம் என்னும் காவியத்தில் அவர் நரகம், கழுவாய்மலை, சுவர்க்கம் மூன்றையும் சுற்றி வருகிறார். வழித்துணையாய் வருபவர் இலத்தீன் பெருங்கவி வர்ஜில். அவரைத் தம் ஆசான் என்று போற்றும் தாந்தே அவரை ‘தூ’ என்றே அழைக்கிறார். பண்டை ரோமானியருக்குப் பன்மை மரியாதை வேண்டுவதில்லை என்று கருதினார் போலும். நரகத்தில் தாம் கண்ட எண்ணற்ற உயிர்களுள் மிகச் சிலரை மட்டுமே அவர் ‘வோயி’ என்று விளிக்கிறார். தம் இளமையில் தமக்கு அறிவு புகட்டிய புரூனெத்தோ லத்தீனி அவர்களுள் ஒருவர். நெருப்பு மழையில் கருகிய முகத்துடன் நிற்கும் அம்முதியவரைத் தாந்தே அடையாளம் காண்கிறார். கடவுளின் தண்டனைக்கு ஆளானவர் ஆயினும் மாணவனின் வாயில் பன்மை மாறவில்லை. அந்த ஓர் எழுத்துப் பேற்றில் அடங்கியுள்ள துயரத்தை எந்த மொழிபெயர்ப்பும் முழுமையாகக் காட்டிவிட இயலாது.

சுவர்க்கத்தில் தம் முப்பாட்டனுக்கும் தந்தையான கச்சகுயீதாவைச் சந்திக்கையில் தாந்தேயின் உள்ளம் குடிப்பெருமையால் பொங்குகிறது. உடனே ‘வோயி’ என்கிறார். அருகில் நின்ற பெயாத்ரிச்சே நகைக்கிறாள். சுவர்க்கத்திலும் குலப்பெருமையா என்பது அந்த நகைப்பின் குறிப்பு. இந்த மரியாதைச் சொல்லை முதன்முதல் ஏற்றது ரோமாபுரியே என்றும், இப்போது அதனை மிகக் குறைவாக வழங்குவோரும் ரோமாபுரியினரே என்றும் கவிஞர் அவ்விடத்தே குறிப்பிடுகிறார். சீஸரை முதலில் அவ்வாறு அழைத்தனர் என்னும் இடைக்காலக் கதையை நம்பி அவர் எழுதினார். கதை தவறு; ஆனால் தம் காலத்து ரோமாபுரியினர் எவரையும் ‘தூ’ என்பவர் என்ற குறிப்பு உள்ளது உள்ளவாறு சொன்னதே. பெயாத்ரிச்சேயை அவர் வழியெல்லாம் ‘வோயி’ என்றே அழைத்து வருகிறார். அவள் தன் இருக்கைக்குத் திரும்பிச் சென்றபின், தொலைவிலிருந்து அவளை நோக்கி நன்றி கூறும் இறுதி வணக்கத்தில் மட்டும் பன்மை நீங்கி, ‘தூ’ வருகிறது. கடவுளை விளிக்கும் சொல் அதுவே அல்லவா?

தாந்தே மறைந்தது 1321-இல். அவருக்குப்பின் இரண்டு நூற்றாண்டுகள் கழிவதற்குள் ‘வோயி’யும் போதாமற்போயிற்று. அரண்மனைகள் பெருகின, அவற்றில் பணிபுரிவோரும் விண்ணப்பம் எழுதுவோரும் பெருகினர். தலைவனை நேரே நோக்கி ‘நீங்கள்’ என்பதுகூடத் துடுக்காகத் தோன்றத் தொடங்கியது. ஆகவே தலைவனை விட்டுவிட்டு அவனுடைய பெருமையோடு பேசலாயினர். ‘தங்கள் பிரபுத்துவம் விரும்புமாயின்’, ‘தங்கள் மேன்மை கட்டளையிட்டால்’ என்று எழுதினர். பிரபுத்துவத்தைக் குறிக்கும் ‘சிஞ்ஞோரீயா’, மேன்மையைக் குறிக்கும் ‘எச்செல்லென்ஸா’, அரசர்க்குரிய ‘மயெஸ்தா’ ஆகிய பண்புப்பெயர்கள் எல்லாம் இத்தாலிய இலக்கணத்தில் பெண்பால். அவற்றைச் சுட்டும் படர்க்கைச் சொல்லும் பெண்பாலாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு வந்ததுதான் ‘லேயி’. அதன் நேர்ப்பொருள் ‘அவள்’ என்பதே. மீசை முறுக்கிய படைத்தலைவனையும் இத்தாலியன் ‘அவள் நலமா?’ என்று கேட்பது இதனாலேதான். நாம் இதனைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை. நம் ‘தாங்கள்’ என்பதும் ‘தாம்’ என்னும் படர்க்கைச் சொல்லிலிருந்து வந்து முன்னிலையில் அமர்ந்ததே. எதிரில் நிற்பவரை எதிரில் இல்லாதவர்போல் பேசுவது பணிவின் உச்சம் என்று இரு நாட்டினரும் தனித்தனியே கண்டிருக்கின்றனர்.

இதே காலத்தில் மிலான் நாடும் நாபொலி அரசும் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டன. ஸ்பானியர் ‘தங்கள் கருணை’ என்னும் பொருளுடைய தொடரைச் சுருக்கி ‘உஸ்தேத்’ என்னும் மரியாதைச் சொல்லை ஆக்கிக்கொண்டவர். அவர்தம் ஆடம்பர வழக்கம் ‘லேயி’க்கு மேலும் உரமூட்டியது. ஜொவான்னி தெல்லா காஸா என்னும் பேராயர் நன்னடத்தை பற்றி எழுதிய ‘கலாத்தெயோ’ என்னும் நூல் அவர் இறந்தபின் 1558-இல் வெளிவந்தது. இன்றும் இத்தாலிய மொழியில் நல்லொழுக்க முறைக்கு அந்நூலின் பெயரே பெயர். வெற்று உபசாரங்கள் நம் நாட்டில் பிறந்தவை அல்ல, வெளியிலிருந்து வந்தவை என்று அவர் அதில் சலித்துக்கொள்கிறார். ஆயினும் இது காலத்தின் குற்றம், நம் குற்றமன்று. எல்லாரும் வழங்கும் பட்டத்தை ஒருவனுக்கு மட்டும் மறுத்தால் அவனை அவமதித்ததாகும் என்று முடிக்கிறார். உலகியல் அறிந்தவர் பேச்சு அது.

அவர் சொன்ன காலத்தின் குற்றம் மேலும் முற்றியது. 1569-இல் பிளாரென்ஸின் தலைவர் கோசிமோ, தம் அண்டை நாட்டுப் பிரபுக்களுக்குமேல் உயர விரும்பி, போப்பாண்டவரிடமிருந்து ‘பெரும் பிரபு’ என்னும் பட்டத்தைப் பெற்றார். பேரரசர் அதனை ஒப்புக்கொள்ளவோ 1576 வரை காத்திருக்க நேர்ந்தது. எட்டாம் உர்பன் என்னும் போப்பாண்டவர் 1630-இல் கார்தினால்களுக்கு ‘எமினென்ஸா’ என்னும் பட்டத்தை வழங்கினார். அதுவரை அவர்களுக்கு உரியனவாயிருந்த பட்டங்களைப் பிறர் எடுத்துக்கொண்டு மலிவாக்கிவிட்டதே காரணம். பட்டங்களுக்கும் நாணயத்தைப் போலவே மதிப்புக் குறையும். லொரென்ஸோ மெதிச்சியை நாம் ‘மாட்சிமிக்கவர்’ என்னும் பொருளில் ‘மஞ்ஞீஃபிக்கோ’ என்று சிறப்பித்து அழைக்கிறோம். அவர் வாழ்ந்த 15-ஆம் நூற்றாண்டிலோ அது மதிப்புக்குரியோர் பலருக்கும் பொதுவாக வழங்கிய அடைமொழி. இன்று அப்பட்டம் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு நிகரான பதவியினரை விளிக்க எஞ்சியிருக்கிறது.

இவ்வாறு பட்டங்கள் கொழித்த இத்தாலியில்தான் நம் வீரமாமுனிவர் பிறந்தார். கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி என்னும் இயற்பெயருடைய அவர் 1680-இல் காஸ்திலியோனே என்னும் ஊரில் தோன்றியவர். ‘தூ’, ‘வோயி’, ‘லேயி’ என்னும் மூன்று படிகளில் ஏறி இறங்கிப் பழகிய நாவுக்கு நம் நீ, நீர், தாங்கள் என்னும் படிகள் வியப்பூட்டியிருக்க மாட்டா. தமிழ்நாட்டார் அவரை ‘முனிவர்’ என்று ரகர ஈற்றால் உயர்த்தியதன் கருத்தை அவர் நன்கு உணர்ந்திருப்பார்.

பொதுமக்கள் வழக்கை அறிய விரும்புவோர் மன்ஸோனியின் புகழ்பெற்ற நாவலைக் காணலாம். அது முதலில் 1827-இல் வெளிவந்தது. பின்னர் பிளாரென்ஸ் மக்களின் பேச்சுக்கு ஏற்பத் திருத்தப்பெற்று 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளிவந்தது. ‘நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்’ என்னும் பொருளுடைய அதன் தலைப்பே பன்மைப் பாடம் ஒன்றைத் தருகிறது. ‘ஸ்போஸி’ என்பது மணமகனைக் குறிக்கும் ஆண்பாற் சொல்லின் பன்மை. எனினும் மணமகளும் அதனுள் அடங்கிவிடுகிறாள். கதை ஸ்பானியர் ஆட்சியில் இருந்த லொம்பார்தியாவில் 1628-இல் தொடங்குகிறது. பட்டு நெசவாளியாகிய ரென்ஸோ தன் ஊர்ப் பாதிரியாரை ‘லேயி’ என்று விளிக்கிறான். அவர் அவனை ‘வோயி’ என்கிறார். மணம் முடிக்க ஒருப்பட்ட ரென்ஸோவும் லூச்சியாவும் ஒருவரையொருவர் ‘வோயி’ என்றே அழைத்துக்கொள்கின்றனர். யார் மேலே, யார் கீழே, யார் சமம் என்பதை ஆசிரியர் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இப்போது 1938-க்குத் திரும்புவோம். அவ்வாண்டு ஜனவரி 15-ஆம் நாள், மிலான் நகரத்து ‘கொர்ரியேரே தெல்லா சேரா’ என்னும் நாளிதழில் புரூனோ சிகொஞ்ஞானி என்னும் எழுத்தாளர், ‘லேயி’ அடிமைத்தனத்தின் சின்னம், அயலாரிடமிருந்து வந்த இழிவு, அதனை ஒழித்து ரோமானியரின் ‘தூ’வையும் ‘வோயி’யையும் மீட்க வேண்டும் என்று எழுதினார். கட்சிச் செயலாளர் அக்கில்லே ஸ்தராச்சே அதனைப் பற்றிக்கொண்டார். கட்சியிலும் இளைஞர் அமைப்புகளிலும் அரசு அலுவலகங்களிலும் ‘வோயி’ கட்டாயமாயிற்று. ‘லேயி’ என்ற பெயருடன் பெண்களுக்கென ஒரு வார இதழ் நடந்து வந்தது. அங்கே அச்சொல்லுக்கு ‘அவள்’ என்பதே பொருள். ஆயினும் அச்சம் பொருளை ஆராயுமா? இதழ் ‘அன்னபெல்லா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மறு ஆண்டில் தூரின் நகரில் ‘லேயி’யை எள்ளி நகையாடும் கண்காட்சி ஒன்றும் நடந்தது.

நாட்டு மக்கள் எதிர்த்து முழங்கவில்லை, நகைத்தனர். நகைச்சுவை நடிகர் தொத்தோ, இனிக் கலிலெயோ கலிலெயியைக் ‘கலிலெயோ கலிவோயி’ என்றுதான் சொல்ல வேண்டும் போலும் என்று மேடையில் கேலி செய்ததாகச் சொல்லுவர். தத்துவப் பேராசான் பெனெதெத்தோ குரோச்சே நாபொலி நகரத்தவர்; அந்நகர வழக்கப்படி இயல்பாக ‘வோயி’ என்று பேசிவந்தவர். அரசு அதனைக் கட்டாயமாக்கியவுடன் அவர் ‘லேயி’க்கு மாறிவிட்டார் என்று கூறுகின்றனர். சொல்லில் அடிமைத்தனம் இல்லை, அதைச் சொல்லவைக்கும் ஆணையில்தான் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

இதனைக் கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதே 1938-ஆம் ஆண்டு செப்டம்பரில், அதே அரசு யூத மாணவரையும் யூத ஆசிரியரையும் பள்ளிகளிலிருந்து வெளியேற்றியது. குடிமகன் தன் அயலானை எவ்வாறு விளிக்க வேண்டும் என்று விதிக்கத் துணிந்த கை, யாரை அயலானாகக் கருதலாம் என்றும் விதித்துவிட்டது. வரலாற்றின் முரணாக, இத்தாலிய மொழி வரலாற்றுக்கென முதல் பேராசிரியர் பதவியும் அவ்வாண்டே பிளாரென்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டது. அதில் அமர்ந்த புரூனோ மில்யொரீனி, ‘லேயி’யின் வேர் ஸ்பானியருக்கு முன்னரே இத்தாலிய மண்ணில் ஓடியிருந்ததைப் போருக்குப் பின்னர் எடுத்துக்காட்டினார். ஸ்பானியர் நீர் ஊற்றினர், விதை அவர்களுடையதன்று.

1943 ஜூலை 25-ஆம் நாள் முஸோலினி வீழ்ந்தார். ‘லேயி’ தன் இருக்கைக்குத் திரும்பியது. 1948 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசியலமைப்பு, குலப் பட்டங்களுக்கு இனிச் சட்டத்தின் ஏற்பு இல்லை என்று விதித்தது. கோமகனும் சிற்றரசனும் சட்டத்தின்முன் வெறும் குடிமக்கள் ஆயினர். எஞ்சியிருப்பவை தொழிலும் கல்வியும் தரும் பட்டங்கள். ‘மூத்தவர்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘சிஞ்ஞோரே’ இன்று எந்த ஆணுக்கும் உரியது, ‘சிஞ்ஞோரா’ பெண்ணுக்கு. பெயருக்கு முன் வருகையில் ஈற்றுயிர் கெட்டு ‘சிஞ்ஞோர் ரோஸ்ஸி’ என்றாகும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எவரும் ‘தொத்தோரே’. மருத்துவம் பயின்றிருக்க வேண்டியதில்லை.

அறிமுகமில்லாதவர் ஒருவராயின் இன்று ‘லேயி’. இருவரோ பலரோ ஆயின் ‘லோரோ’ என்னும் பன்மை இலக்கண நூல்களில் உண்டு. பெரிய விருந்தில்லங்களில் பணியாளர் சொல்லக் கேட்கலாம். மற்ற இடங்களில் எல்லாரும் ‘வோயி’ என்றே சொல்லிவிடுகின்றனர். இளைஞர் தமக்குள் ‘தூ’ என்பர். அந்தச் சொல்லின் எல்லை பத்தாண்டுக்குப் பத்தாண்டு விரிந்து வருகிறது. தென்னாட்டுச் சிற்றூர்களிலோ, முஸோலினிக்கு நெடுங்காலம் முன்பிருந்தே வழங்கிவந்த ‘வோயி’ இன்னும் முற்றும் மறையவில்லை. அங்கே பாட்டனையும் பாட்டியையும் பேரப்பிள்ளைகள் அவ்வாறு விளிப்பதைக் கேட்கலாம். அதற்கு எவரும் அவர்களுக்கு ஆணையிட்டதில்லை.